மடமைக்கு என்ன நிறம்?

அடுத்தவர் முகத்தில் கை வைத்துச் சம்பளம் வாங்கும் தொழிலில் வாயை மூடிக்கொள்வதுதான் முதல் பாடம் என்று, இதே வேலையில் கிடந்து வேகும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜெர்மனியில் ஹம் நகரிலிருந்து ரயிலில் போய், டோர்ட்மண்டில் ஒரு சிறிய நாடக அரங்கில் பத்தொன்பது வருடம் ஒப்பனை உதவியாளராக இருந்தேன். கடைசியாகப் போட்டது ஒரு பழைய ஆங்கில நகைச்சுவை. மனத்துக்குள் இருப்பதெல்லாம் அதில் ஆளாக வரும். மனம் ஓர் இளைஞன், பகுத்தறிவு அரசன், ஆசை கடிவாளம் போட்ட குதிரை.

அரசனின் தாடி

பகுத்தறிவுக்கு வெள்ளைத் தாடி வேண்டும் என்றார் நெறியாளர். ஒட்டினேன். நரைத்தது போதும் என்றார். பிறகு செம்பட்டை, பிறகு குறுந்தாடி. ஏழு தாடி ஒட்டிப் பிய்த்ததில் நடிகரின் கன்னம் புண்ணாகிவிட்டது. எட்டாவதை எடுத்தபோது நெறியாளர் என்னைப் பார்த்து, "தாடி இல்லாமலே புத்திசாலியாகத் தெரிகிறாரே, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

கடிவாளம்

ஆசையாக நடித்த பெண்ணுக்கு வாயில் தோல்வார். பகுத்தறிவு இழுக்கும் ஒவ்வொரு தடவையும் உதட்டுச் சாயம் போய்விடும். நான் ஓடிப்போய்த் திருத்தினால் தாமதம் என்று எனக்குத்தான் ஏச்சு. அவள் வாரைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "இந்தப் பகுத்தறிவு இழுக்கிற இழுப்பில் எனக்கு இருக்கிற கொஞ்சப் புத்தியும் போய்விடும்."

கண்ணாடி

இளைஞன் சோம்பலின் மடியில் தூங்கிவிடுகிறான். எழுந்து, பகுத்தறிவு கொடுத்த கண்ணாடியைப் பார்த்தால் முகம் கறுத்திருக்கும். அறிவு போய்விட்டது என்று அர்த்தம். சபை சிரிக்க வேண்டும். நெறியாளர் கரிய மையை என் கறுத்த கையில் வைத்து, "பூசுங்கள்" என்றார்.

என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. அதற்குப் பரிந்துரை தர வேண்டியவரும் அவர்தான். சத்தமாகப் பேசியே பழக்கமில்லாத நான், "முடியாது" என்றேன்.

"இது உங்களைப் பற்றியதல்ல. வெறும் உருவகம்."

"அந்த உருவகத்தோடுதான் நான் தினமும் ரயிலில் வருகிறேன்."

"அப்படியானால் மடமைக்கு வேறு என்ன நிறம் பூசுவீர்கள்?" என்றார்.

பக்கத்தில் உடை தைத்துக்கொண்டிருந்த கலா, நம்மூர்ப் பிள்ளை, தலை நிமிராமல் தமிழில் சொன்னாள்: "ஒண்டும் பூசாதேங்கோ அக்கா. அந்தக் கண்ணாடியை இவரிட்டக் குடுங்கோ."

மையும் பூசப்படவில்லை, என் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. பகுத்தறிவை அரசனாக்கி மேடையேற்றுகிறவர்கள், திரை விழுந்ததும் அதை உடைப்பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.