மூன்றாம் படியில் நின்ற அக்கா

மத்தியானச் சோறு சாப்பிட்டுவிட்டு வந்து அலுவலகக் கதிரையில் உட்கார்ந்தால், உள்துறைமுகத்துத் தண்ணீரின் வெளிச்சம் சன்னல் வழியாக ஏறி வந்து எங்கள் கூரையில் ஆடும். அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கணக்கெடுப்புக்காக வாடகைக்கு எடுத்த மாடி அறை, சில கணினிகள், முனகிக்கொண்டே சுற்றும் ஒரு விசிறி, அவ்வளவுதான். அந்த விசிறிக்குக் கீழே பாதி நித்திரையும் பாதி விழிப்புமாக இருந்துதான் மனிதர்களின் படிப்புக்கு நான் இலக்கம் போட்டேன்.

வேலை இதுதான். வீடு வீடாகப் போனவர்கள் “என்ன படிச்சனீங்கள்?” என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள். படிப்புக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயர், ஒவ்வொரு சோதனை. பெயரை வைத்து ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு ஒப்பிட முடியாது. அதனால் உலகம் முழுவதற்கும் பொதுவாக ஒரு படிவரிசை இருக்கிறது. பாலர் பாடசாலை பூச்சியம், ஆரம்பப் பள்ளி ஒன்று, ஏ.எல். என்கிற உயர்தரம் முடித்தால் மூன்று, பட்டம் ஆறு, கலாநிதி எட்டு. பக்கத்தில் துறைக்கு வேறு இலக்கம் போட வேண்டும். மதரசாவில் ஏழு வருடம் ஓதிய ஒரு கிண்ணியாப் பெண்ணை எந்தப் படியில் வைப்பது என்று நானும் மேற்பார்வையாளரும் ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை பிடித்தோம். துறை சமயம், அதில் சண்டை இல்லை. படியில்தான் சண்டை. கடைசியில் தேத்தண்ணீர் வந்ததால் சண்டை நின்றது.

நாளாக நாளாக எனக்கு இது ஒரு விசராகவே போய்விட்டது. எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் ஆடுமாடு மாதிரித் திரிந்து பழத்தோல் தின்னும் மான்களுக்குப் பூச்சியம் போட்டேன். சந்திக் கடையில் வடை சுடுகிறவரைப் பார்த்து, ‘இவர் எத்தனையாம் படியாக இருப்பார்?’ என்று யோசித்துக்கொண்டே மிச்சக் காசை வாங்காமல் வந்தேன். நித்திரையிலும் படிகள் வந்தன. இறங்குதுறையின் கல்படிகள், இளஞ்சூட்டுத் தண்ணீர், படிக்குப் படி ஆட்கள். ஒருவரும் ஒருவரோடும் கதைப்பதில்லை, எல்லாரும் குடாவின் அந்தப் பக்கம் மூதூரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அக்கா மட்டும் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓரமாக நிற்பாள். ‘இஞ்ச வா’ என்று கூப்பிட வாயைத் திறப்பேன், சத்தம் வராது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அன்புவழிபுரத்தில் எங்களோடுதான் இருக்கிறாள். பகலில் டவுனில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. டொக்டராக வேண்டும் என்று உயிரியல் எடுத்து ஏ.எல். எழுதியவள். எங்கள் நாட்டில் ஏ.எல். மூன்று தரம் எழுதலாம் என்பது சட்டம். மூன்று தரமும் எழுதியே ஆக வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். முதல் தரம் மூன்று பாடமும் எஸ், ஏ, பி, சி எல்லாவற்றுக்கும் கீழே உள்ளது. அடுத்த தரம் ஒரு சி, இரண்டு எஸ். கடைசித் தரம் இரண்டு சி, ஒரு எஸ். மெடிசின் கிடக்கட்டும், கம்பஸ் என்று நாங்கள் சொல்லும் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அது போதவில்லை.

பெறுபேறு வருகிற அன்று எங்கள் தெரு ஒழுங்கையில் ஒரு வழக்கம். பாஸ் பண்ணிய பிள்ளையின் தகப்பன் டொபி மிட்டாய்ப் பெட்டியோடு வெளிக்கிட்டு, ஒரு வீடு விடாமல் கொடுத்துக்கொண்டு போவார். அந்த மூன்று தரமும் எங்கள் வீட்டுக் கேற் பூட்டிக் கிடந்தது. “பெயில்” என்றார் அப்பா. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், அதிகம் கதைக்கமாட்டார், கதைத்தால் அதுதான் முடிவு. ஒழுங்கையும் பெயில் என்றது. கலியாணம் பேச வந்தவர்களும் அதையே சொன்னார்கள். பிறகு நான் ஆர்ட்ஸ் செய்து கம்பஸுக்கு எடுபட்டபோது ஒரு பெட்டி டொபி வாங்கினார். சின்னப் பெட்டி. “ஆர்ட்ஸ்தானே” என்றார். என்ன மனுசனப்பா!

நான் இந்த இலக்கம் போடுகிற நாட்களில்தான் அக்காவுக்கு ஒரு ஆசை வந்தது. வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் தாதிப் படிப்பு. படிக்கும்போதே வேலையும் கொடுப்பார்களாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் அந்தக் கல்லூரியின் படங்களைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். அப்படி ஒரு முகத்தோடு அவளை நான் பார்த்துப் பல வருடமாகியிருந்தது. ஒரு நாள் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

“சரிவராது. உயர்தரம் முடிச்ச ஆக்களைத்தான் எடுப்பினமாம். நான் சாதாரண தரம், ஓ.எல். மட்டும் எண்டு போட்டன், தகுதி இல்லை எண்டு வந்திட்டுது.”

நான் கோப்பையைக் கழுவப் போனேன். அந்த வீட்டுப் பிள்ளைதானே நானும். பெயில் என்றால் பெயில் என்றுதான் என் மண்டையிலும் ஊறிக் கிடந்தது.

அடுத்த கிழமை மேற்பார்வையாளர் சில பதில்களைத் தனியாக எடுத்து வைத்தார். எல்லாவற்றிலும் ‘ஏ.எல். பெயில்’. “இதை அப்பிடியே விடேலாது. போன் எடுத்துக் கேளுங்கோ, மூண்டு பாடமும் பாஸோ எண்டு” என்றார். நான் மூதூரில் ஒரு பெண்ணுக்குப் போன் எடுத்தேன். பின்னால் கோழி கத்துகிற சத்தம் கேட்டது.

“மூணும் பாஸ்தான் மகள்” என்றார் அவர். “ஆனா கம்பஸ் கிடைக்கல்ல. பெயிலுதான்.”

குறிஞ்சாக்கேணியில் ஒருவர் அதையே சொன்னார். நிலாவெளியில் இன்னொருவரும் அதையே சொன்னார். ஊர் ஊராகப் பாஸ் பண்ணிவிட்டுப் பெயில் என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்! உலகத்தின் படிவரிசையில் கம்பஸ் கிடைத்ததா என்று ஒரு கேள்வியே இல்லை. முடித்தாயா, இல்லையா, அவ்வளவுதான். நான் அவர்களுக்கு மூன்று, மூன்று என்று போட்டுக்கொண்டே போனேன். கூரையில் தண்ணீர் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. திடீரென்று எங்கள் அக்காவின் இரண்டு சியும் ஒரு எஸ்ஸும் நினைவுக்கு வந்தன. எஸ் என்றாலும் பாஸ்தானே! அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அக்காவுக்கு அன்று வேலை இல்லை, தலை முழுகிவிட்டு இருந்தாள். அப்பா விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“விசரே உனக்கு?” என்றாள் அக்கா. “பொய் எழுத என்னால ஏலாது.”

“எது பொய்? மூண்டு பாடமும் பாஸ் எண்டா நீ ஏ.எல். முடிச்சனி. கம்பஸ் கிடைக்காதது வேற கதை.”

“பெயிலான பிள்ளை பாஸ் எண்டு எழுதினா நாளைக்குப் பிடிபடும்” என்றார் அப்பா, பேப்பரை இறக்காமல்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தப் படிவரிசையைப் போனில் எடுத்து, பேப்பருக்கும் அவருடைய மூக்குக்கும் நடுவில் நீட்டினேன். எங்கள் நாட்டு ஏ.எல். எங்கே நிற்கிறது என்று விரலை வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

“உலகம் முழுக்க இப்பிடியோ?”

“ஓம் அப்பா. உலகம் முழுக்க.”

மகளுடைய மூன்று பாடத்தையும் கண்ணால் பார்த்த மனுசன். அது போதவில்லை, உலகம் வந்து சொல்ல வேண்டியிருந்தது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அக்கா வெகு நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். ஈரத்தலையிலிருந்து தண்ணீர் சொட்டி அவளுடைய மடியை நனைத்தது. முற்றத்து வேப்பமரத்தில் காற்று வந்து வந்து போனது, வீடே கனவில் கிடக்கிற மாதிரி இருந்தது. “உண்மையாத்தானே சொல்லுறாய்?” என்று கேட்டாள். “உன்ர ஆணை” என்றேன். அவள் உயர்தரம் முடித்ததாகப் போட்டு அனுப்பினாள். இந்தத் தரம் தகுதி இல்லை என்று வரவில்லை. விண்ணப்பம் கிடைத்தது என்று வந்தது. அவள் சத்தமில்லாமல் அழுதாள், நானும் அழுதேன்.

கேற்றடியில் ஆட்கள் கதைக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், ஒழுங்கையில் அப்பா டொபிப் பெட்டியோடு நிற்கிறார்.

“என்ன விசேஷம்?” என்று முன்வீட்டு மாமி கேட்டார்.

“மூத்தவள் ஏ.எல். பாஸ்.”

“இந்த வயசிலயோ? எப்ப எழுதினவ?”

“எழுதி முடிஞ்சுது” என்றார் அப்பா. “எடுங்கோ.”

எனக்குச் சிரிப்பா, அழுகையா, வெட்கமா என்று தெரியவில்லை. அக்கா எழுந்து கேற்றடிக்குப் போனாள். பெட்டிக்குள் பார்த்தாள். ஒன்றும் எடுக்கவில்லை.

“அப்பா, நான் மூண்டு தரம் எழுதினனான்.”

“ஓம் பிள்ளை.”

“மூண்டு தரமும் பாஸ்.”

அப்பா அவளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, மாமியையும் பார்க்கவில்லை. பெட்டியை அவளுடைய கையில் கொடுத்துவிட்டு, மிச்சம் இரண்டு பெட்டியும் வாங்கச் சந்திக் கடைப் பக்கம் திரும்ப நடந்தார். அக்கா கேற்றைச் சாத்தாமல், அவர் வரும்வரை அங்கேயே நின்றாள்.