கேமராவுக்கு வைத்த பொட்டு

ஆயுதபூஜை என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஓசூரில் இரும்புப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பாகங்களின் ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிச் சொல்வேன். கண்ணுள்ளவர்கள் விட்டதும் என் விரலுக்குத் தப்பாது. ஆனால் கேட்டிலிருந்து என் இடத்துக்குப் போக, யாராவது மணிக்கட்டைப் பிடித்து, குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாட்டை இழுப்பதுபோல இழுத்துப்போக வேண்டும். குச்சி தரையைத்தான் சொல்லும். முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைச் சொல்லாது.

பெங்களூரிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்தாள். மார்பில் சின்னக் கேமரா, இடுப்பில் பெல்ட். இடப்பக்கம் ஏதாவது தடுத்தால் வயிற்றின் இடப்பக்கம் அதிரும். நெருங்க நெருங்க அதிர்வு கூடும். இரண்டு மாதம் பழகி, தூணையும் ஆளையும் வயிற்றாலேயே கண்டுகொண்டேன். அவள் முன்னால் ஒருமுறை தனியாக நடந்து காட்டினால் பெல்ட் எனக்கு. இல்லாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும்.

அதற்கு ஆயுதபூஜையன்றா நாள் குறிப்பார்கள்?

காலையில் சூப்பர்வைசர், "அதையும் கழட்டிக் குடும்மா, பூஜையில வெச்சிரலாம்" என்றார். எல்லா மிஷினுக்கும் மரியாதை உண்டு, இதற்கும் இருக்கட்டும் என்று பெருமையாகக் கொடுத்தேன். பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து முடித்ததும் பூ வாசனையோடு திரும்பி வந்தது.

மாட்டிக்கொண்டு கேட்டில் நின்றேன். ஓரடி வைப்பதற்குள் வயிறு முழுக்க அதிர்ந்தது. எதிரே சுவர். இடப்பக்கம் திரும்பினேன், சுவர். வலப்பக்கமும் சுவர். அப்படியே நின்றுவிட்டேன்.

"பாவம், பயந்துட்டாங்க" என்றது ஒரு குரல். ஒரு கை வந்து மணிக்கட்டைப் பிடித்தது.

கழற்றும்போதுதான் கேமராவில் விரல் பட்டது. கண்ணாடிக்கு நட்ட நடுவில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். நாளெல்லாம் பிசிறு தேடுகிறவள் இதை முதலிலேயே தடவிப் பார்க்கவில்லையே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. ஆனால் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதானே நின்றார்கள்! ஒருவருக்கும் உறைக்கவில்லையா?

துடைத்துக் கொடுங்கள், இன்னொருமுறை நடக்கிறேன் என்றேன்.

"ரிப்போர்ட் அனுப்பிட்டேன் அக்கா" என்றாள் இன்ஜினியர்.

"சாமிக்கு வெச்ச பொட்டும்மா, அதுக்குப் போய் கோவிச்சுக்கலாமா?" என்றார் சூப்பர்வைசர். மூக்குக்கண்ணாடி இல்லாமல் ஒரு நம்பரும் படிக்க முடியாதவர் அவர்.

"உங்க கண்ணாடியையும் பூஜையில வெச்சிருக்கலாமே சார்? ரெண்டு பக்கமும் பொட்டு வெச்சு மாட்டிக்கிட்டு வண்டி ஓட்டிட்டு வீட்டுக்குப் போங்க."

பெல்ட்டைப் பெட்டியில் வைத்து மூடும் சத்தம் கேட்டது.

விடுமுறை முடிந்து போனபோது கேட்டில் அதே கை என் மணிக்கட்டைப் பிடித்தது. உதறினேன். பிறகு வேறு வழியில்லாமல் நானே அந்தக் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன்.