பெயிண்ட் அடித்த பக்கம்

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு வீட்டு வாசலில், வேட்டியை விரித்துக் கார் வீலை மறைத்துக்கொண்டு நின்றேன். நான் முன் வீலுக்கு. என் மனைவி விஜயா, பட்டுப்புடவையும் பழத்தட்டுமாகப் பின் வீலுக்கு.

ஏன் என்கிறீர்களா?

எங்கள் மகன் பிரபுவுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். இதற்கு முன் வந்த இடமெல்லாம் ஏதாவது ஒன்றில் தட்டிப்போனது. இந்தப் பெண்ணின் போட்டோ வந்ததிலிருந்து பையன் தனியாகச் சிரிக்கிறான். இது எப்படியாவது அமைந்துவிட வேண்டும் என்று எனக்கும் ஆசை… வெளியில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதற்கு ஒரு வாரம் முன்பு விஜயா காரை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"ஏங்க, இந்த வீலோடயா பொண்ணு பாக்கப் போறோம்? இதப் பாத்துட்டு யாராச்சும் பொண்ணு குடுப்பாங்களா?"

கடலூரில், கடற்கரைப் பக்கம் வீடு. உப்புக்காற்று கேட்டை விட்டதா, கிரில்லை விட்டதா? ரிம்மை மட்டும் விடுமா? நாலும் துருப்பிடித்துப் பொருக்குப் பொருக்காக உரிந்துகொண்டிருந்தன.

ஒர்க் ஷாப்பில் விட்டிருந்தால் வேலை முடிந்தது. ஆனால், வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும் — ஒரு வேலையை ஆரம்பிக்க நான் ஆள் வைப்பதில்லை. முடிக்கத்தான் வைப்பேன்.

யூடியூபில் ஒருத்தன் ஒரு பாட்டு முடிவதற்குள் நாலு வீலையும் பளபளவென்று ஆக்கிவிட்டான். அவன் ஊரில் கடல் இல்லை போலிருக்கிறது. காரை வெறும் ஜாக்கியில் நிறுத்திவைக்க எனக்குப் பயம். அதனால் ஒரு வீலைக் கழற்றி, அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டி, கழற்றியதை மொட்டை மாடிக்கு உருட்டினேன். ரிமூவர் பூசியதும் பழைய பெயிண்ட் அப்பளம் மாதிரி பொங்கி எழுந்தது. ஆஹா, என்ன திருப்தி. சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் சில்வர் ஸ்பிரே.

டயரில் பெயிண்ட் படக்கூடாதே? ரிம்முக்கும் டயருக்கும் நடுவே சுற்றிலும் அட்டை செருக வேண்டும். நம் வீட்டில் அட்டைக்கா பஞ்சம்? பீரோ மேல் கட்டுக் கட்டாகக் கல்யாணப் பத்திரிகைகள்.

"நல்ல காரியத்துக்குப் போற நேரத்துல, பத்திரிகை மேல போய் பெயிண்ட் அடிக்கிறீங்களே" என்றாள் மாடிக்கு வந்த விஜயா.

"அந்தக் கல்யாணமெல்லாம்தான் முடிஞ்சிடுச்சே" என்றேன். அவள் கீழே போய்விட்டாள்.

ஒன்று மட்டும் யூடியூபில் சொல்லவில்லை. கடல் ஈரத்தில் பெயிண்ட் லேசில் காயாது. சனிக்கிழமை சாயங்காலம் தயாராக இருந்தவை இரண்டே வீல்கள். என்ன செய்வது? இறங்குவது இடது பக்கம், பார்ப்பவர்கள் பார்ப்பதும் இடது பக்கம் — இரண்டையும் அங்கே மாட்டிவிட்டேன். மூளை இருக்கிறதே…

சிதம்பரத்தில் அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் மூளை நின்றுவிட்டது. வீடு வலது பக்கம் இருந்தது.

வாசலில் பெண்ணின் அப்பா கை காட்டினார். நான் நிறுத்தாமல் தாண்டிப் போனேன். தெருவின் அந்த முனையிலிருந்து வந்தால் காரின் இடது பக்கம் வாசலைப் பார்த்து நிற்கும் அல்லவா? சுற்றிக்கொண்டு போனால், அங்கே ஒன்வே போர்டு. பழைய முனைக்கே வந்து, அதே தெருவில் நுழைந்தேன். அவர் மறுபடி கை காட்டினார். நான் மறுபடி தாண்டினேன்.

போன் அடித்தது.

"சார், நாங்க வாசல்லயே நிக்கிறோம். நீங்க பாட்டுக்குப் போயிட்டே இருக்கீங்க. மனசுல ஏதாச்சும் இருந்தா சொல்லிடுங்க, சார். நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்."

அவர் குரல் கம்மிப்போயிருந்தது. பின் சீட்டிலிருந்து பிரபு மெதுவாகச் சொன்னான்: "அப்பா, வீலப் பாத்து வேணாம்னா வேணாம்னே சொல்லட்டும். நிறுத்துப்பா."

நிறுத்தினேன். இறங்கியதும் நானும் விஜயாவும் சொல்லி வைத்தாற்போல் ஆளுக்கொரு வீல் முன்னால் நின்றுகொண்டோம். "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்கிறார்கள். நாங்கள் நகரவில்லை. கடைசியில் பிரபுதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆனது. கை கழுவப் பின்பக்கம் போனேன். பக்கச் சுவரில் புத்தம்புது பச்சை பெயிண்ட், பாதி தூரம் வரை. அதற்கப்புறம் கோடு கிழித்த மாதிரி பழைய மஞ்சளும் பாசியும். மூலையில் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும்.

துண்டோடு பின்னாலேயே வந்த பெண்ணின் அப்பா நெளிந்தார்.

"நேத்து வரைக்கும் அடிச்சேங்க. ஆள் வச்சா எனக்குத் திருப்தி வராது. வாசல்லேர்ந்து பாத்தா தெரியற வரைக்கும் முடிச்சுட்டேன்."

துண்டை வாங்கிக் கை துடைத்துக்கொண்டு, அவரைத் தெருவுக்கு அழைத்துப் போனேன். முதலில் காரின் வலது பக்கத்தைக் காட்டினேன், பிறகு இடது பக்கத்தை. மனிதர் குனிந்து ரிம்மைத் தடவிப் பார்த்தார்.

"பிரைமர் அடிச்சீங்களா?"

"அடிச்சேன்."

"நான் அடிக்கலைங்க" என்றார் வருத்தமாக. இரண்டு பேரும் காரில் சாய்ந்துகொண்டு சிரித்த சிரிப்பில், உள்ளேயிருந்து விஜயா எட்டிப் பார்த்தாள்.

பெண் பார்ப்பது என்பதே பெயிண்ட் அடித்த பக்கத்தைக் காட்டும் வேலைதானே? மற்ற பக்கத்தையும் காட்டிவிட்டால் மனசு லேசாகிவிடுகிறது.

மறுநாளே இரண்டு வீட்டிலும் சம்மதம். இப்போது பத்திரிகைக்கு மாடல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நல்ல கெட்டி அட்டையாக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். வலது பக்கம் இன்னும் இரண்டு வீல் பாக்கி இருக்கிறதே.