சிவப்புக் கொடியும் என் வலது காலும்

போன வருடம் ஆவணி மாதம், சிறுபோக அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கராயன் பக்கத்தில் ஒரு மேட்டுக்காணி. கிளிநொச்சி நகரில் கராஜ் வைத்திருக்கும் ஒருவர், எல்லோருக்கும் அவர் ‘அண்ணை’தான், அந்தக் காணியில் வளைவும் நெளிவுமாக ஒரு கிரவல் மண் ஓடுபாதை போட்டிருந்தார். போட்டி இல்லை, பரிசு இல்லை. அவரவர் சொந்த வாகனத்தைக் கொண்டுவந்து, ஒழுங்கான பாதுகாப்போடு ஆசை தீர ஓட்டிப் பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்.

அந்த அறிவிப்பைக் கண்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நான் வட்டக்கச்சியிலிருந்து தினமும் வேலைக்குக் கார் ஓட்டிப் போகிறவள். ஓட்டுகிறேன் என்று பெயர்தான். முன்னால் உழவு இயந்திரம், பின்னால் பஸ், நடுவில் மாடு. இத்தனை வருடத்தில் காரின் கடைசிக் கியரைத் தொட்ட நாட்களை விரல் விட்டு எண்ணலாம். வாழ்க்கையில் ஒரே ஒருமுறையாவது பயமில்லாமல் வேகமாக ஓட்ட வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். என் கணவருக்கு இந்த யோசனை துளியும் பிடிக்கவில்லை. ஆனால் நான் ஒன்றை நினைத்தால் விடமாட்டேன் என்று தெரிந்தவர், மகளையும் கூட்டிக்கொண்டு வந்து ஏறினார்.

அங்கே போனதும் முதல் வேலை, காருக்குள் அசையக்கூடிய சாமான் எல்லாவற்றையும் வெளியே எடுப்பது. திடீரென்று பிரேக் பிடித்தால் ஒரு தண்ணீர்ப் போத்தல்கூட மண்டையை உடைக்கும் என்றார் அண்ணை. என் காரிலிருந்து குடை, மகளின் ஒற்றைச் செருப்பு, இரண்டு தேங்காய், மாதக்கணக்காய் வீடு முழுக்கத் தேடிய சாப்பாட்டுப் பெட்டியின் மூடி எல்லாம் வெளியே வந்தன. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கடைசியில் ஸ்ரியரிங்குக்கு முன்னால் இருந்த பிள்ளையார். அவரையும் இறக்க வேண்டும் என்றதும் தயங்கினேன். பக்கத்துக் காரில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த ஒருவர், ஐம்பது வயது இருக்கும், தன் செபமாலையைக் கழற்றி மாதாவின் சிறு சிலையோடு, விரித்த ஒரு துவாயில் வைத்துக்கொண்டிருந்தார். படகு இயந்திரம் திருத்துவது அவர் தொழில். யாரோ கைவிட்ட பழைய கார் ஒன்றை வாங்கித் தன் கையாலேயே திருத்தி உயிர் கொடுத்துக் கொண்டுவந்திருந்தார். பிள்ளையாரையும் இதிலேயே வையுங்கள் என்று துவாயில் இடம் ஒதுக்கித் தந்தார். அன்று முழுவதும் வேப்பமரத்தடியில் மாதாவும் பிள்ளையாரும் அருகருகே இருந்து எங்களைப் பார்த்தார்கள்.

பிறகு அண்ணை எங்களைச் சுற்றி நிற்கவைத்து விதிமுறை சொன்னார். தலைக்கவசமும் ஆசனப்பட்டியும் இல்லாமல் ஒருவரும் ஏறக்கூடாது. நேரான பாதையில் மட்டும்தான் முந்தலாம். அதுவும் முன்னால் போகிறவர் கையை வெளியே நீட்டி வழி காட்டினால்தான். ஹோர்ன் அடிக்கவே கூடாது என்றதும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, எங்கள் ஆட்களுக்கு ஹோர்ன் இல்லாமல் வாகனம் ஓட்டுவது எப்படி என்று தெரியாது. புழுதியில் முன்னால் இருப்பது தெரியாது, ஆகவே நல்ல இடைவெளி விட்டு வாருங்கள் என்றார். மஞ்சள் கொடி காட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சிவப்புக் கொடிதான் முக்கியம், அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“சிவப்பைக் கண்டவுடனை பாதைக்கு நடுவிலை நிக்கக் கூடாது. கையை உயர்த்திக் காட்டிப்போட்டு, மெல்ல மெல்ல ஓடி இஞ்சை வந்து சேரவேணும். ரிவேர்ஸ் எடுக்கிறது எண்ட கதையே இல்லை. எடுத்தால் அண்டைக்கே வீட்டை போகவேண்டியதுதான்.”

விளங்கியதா என்று கேட்டபோது எல்லோருக்கும் முதலில் தலையை ஆட்டியவள் நான்தான்.

கணவரும் மகளும் மரத்தடியில் நின்றார்கள். முதல் சுற்றை மெதுவாக ஓடச் சொன்னார்கள். அடுத்த சுற்றில் நேர்ப்பாதை வந்ததும் காலை அழுத்தினேன். கார் உறுமியது. கிரவல் தெறித்துக் காரின் அடியில் படபடவென்று அடித்தது. எதிரே பஸ் இல்லை, குறுக்கே மாடு இல்லை. வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து, வளைவுக்குள் காலை எடுத்து, வெளியே வரும்போது மறுபடி அழுத்தினால் கார் எப்படி வழுக்கிக்கொண்டு திரும்புகிறது தெரியுமா? எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தலைக்கவசத்துக்குள் நான் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தேன். வேகமாக வந்தவர்களுக்குக் கையை நீட்டி வழியும் விட்டேன், பெரிய ஓட்டுநர் மாதிரி.

எனக்குப் பின்னால் வந்தது அந்தப் படகு இயந்திரக்காரர். அவருடைய கார் என்னுடையதைவிட வேகம் கூடியது. ஆனால் எப்போது கண்ணாடியில் பார்த்தாலும் தூரத்தில்தான் வந்தார். இந்த மனிதர் என்ன இவ்வளவு பயந்தவராக இருக்கிறாரே என்றுகூட நினைத்தேன்.

காணியின் கோடியில் ஒரு வளைவு. அங்கே கொடியுடன் நின்ற பெடியன் சிவப்பை உயர்த்தினான். கட்டாக்காலி மாடுகள் வேலியை முறித்துக்கொண்டு பாதைக்குள் இறங்கிவிட்டன என்பது பிறகுதான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் புழுதிக்கு நடுவே அந்தச் சிவப்பு மட்டும்தான். என் வலது கால் பிரேக்கில் ஏறி நின்றுவிட்டது. கார் வழுக்கி, பாதையில் சற்றுக் கோணலாகத் திரும்பி நின்றது. அதோடாவது விட்டிருக்கலாம். என் கை தானாகப் போய் ரிவேர்ஸ் கியரைப் போட்டது. கார் பின்னால் நகர்ந்தது.

புழுதிக்குள்ளிருந்து அவருடைய கார் வெளியே வந்ததைக் கண்ணாடியில் கண்டேன். கையை வெளியே உயர்த்தியபடி, விதிப்படி வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் வந்தார். என் பின்விளக்கைக் கண்டதும் ஸ்ரியரிங்கை வெட்டிப் பாதையை விட்டு இறக்கினார். காணி ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய ரயர்களில் உரசிக் கார் நின்றது. அவருடைய கதவுக்கும் என் காரின் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அவர் கொஞ்சம் கிட்ட வந்திருந்தால், அவர் இருந்த பக்கத்தில்தான் நான் போய் இடித்திருப்பேன்.

காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். அவர் இறங்கி வந்து முதலில் நான் எப்படி என்று பார்த்தார், அதன் பிறகுதான் தன் காரைப் பார்த்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்குள் அண்ணையும் வந்துவிட்டார். படகு இயந்திரக்காரர் மெதுவாகக் கேட்டார்.

“பிள்ளை, நிண்டதை விடுவம். ஏன் பின்னுக்கு எடுத்தனீங்கள்?”

ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. பதில் சொல்லும்போதுதான் தெரிந்தது.

“பள்ளிக்கூடத்திலை அப்பிடித்தானே சொல்லித் தந்தவை. சிவப்பைக் கண்டால் நில், வந்த தடத்திலையே திரும்பிப் போ எண்டு.”

வேறு ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு இது விளங்காமல் போகலாம். சண்டை ஓய்ந்து நாங்கள் மீள்குடியேறி வந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. போகிற வழியெல்லாம் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். அதற்கு அப்பால் மிதிவெடி. வகுப்புக்கு வந்து படம் காட்டிச் சொல்லித் தருவார்கள், நாங்கள் எழுந்து நின்று ஒன்றாகத் திருப்பிச் சொல்லுவோம். நில். அசையாதே. கால் வைத்து வந்த தடத்திலேயே திரும்பு. கணக்கும் ஆங்கிலமும் எனக்கு ஏறவில்லை. இந்தப் பாடம் மட்டும் காலுக்குள் போய் இருந்துவிட்டது போல. பலகைகளை எல்லாம் எடுத்து எவ்வளவோ காலம், கால் அதை அறியவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. படகு இயந்திரக்காரர் தன் காரில் சாய்ந்து நின்றார். சிவப்பைக் கண்டதும் தனக்கும் கால் விறைத்தது என்றார், இடைவெளி விட்டு வந்தபடியால்தான் யோசிக்க நேரம் கிடைத்தது என்றார். பயந்தவர் என்று நான் நினைத்த மனிதரின் அந்த இடைவெளிக்குள்தான் நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு நின்றுகொண்டிருந்தோம்.

விதிப்படி நான் வீட்டுக்குப் போக வேண்டும். தலைக்கவசத்தைக் கழற்றி அண்ணையிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. எல்லோரையும் மரத்தடிக்குக் கூப்பிட்டார்.

“நான் சொன்னது காதுக்கு. கால் முந்தியே வேறை பாடம் படிச்சிட்டுது. இது என்ர பிழை. கொழும்புப் பக்கம் ரேஸுகளிலை சொல்லுற மாதிரியே இஞ்சையும் சொல்லிப்போட்டு விட்டிட்டன். இப்ப எல்லாரும் தனித்தனிய ஓடுங்கோ. எங்கையாவது ஒரு வளைவிலை சிவப்புக் காட்டுவன்.”

மாடுகளைக் கலைத்துவிட்டு ஒவ்வொருவராக விட்டார்கள். ஒட்டுசுட்டானில் இருந்து வந்த ஒரு லொறிச் சாரதி, என் தேங்காயைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தவர், சிவப்பைக் கண்டதும் என்னைப்போலவே ஆணி அடித்ததுபோல் நடுப்பாதையில் நின்றார். இந்த முறை நான் சிரித்தேன். இன்னும் இரண்டு மூன்று பேரும் அப்படித்தான். சண்டை முடியும்போது கைக்குழந்தைகளாக இருந்த சின்னப் பெடியள் மட்டும் ஒரு கவலையும் இல்லாமல் கையைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, நெஞ்சு நிறைந்தும் இருந்தது.

கடைசியாக என் முறை. ஓடுவது என்றால் ஓடுங்கோ, இல்லையென்றால் விடுங்கோ என்றார் அண்ணை. கணவர் வேண்டாம் என்று சொல்லுவார், அதையே சாட்டாக வைத்துப் போய்விடலாம் என்று அவரைப் பார்த்தேன். அவர் தலைக்கவசத்தை என் தலையில் மாட்டி, நாடியின் கீழ்ப் பட்டியை இறுக்கிவிட்டார்.

எந்த வளைவில் வரும் என்று தெரியாது. நேர்ப்பாதையில் பயந்து பயந்து ஓடினால் அர்த்தமில்லை என்று காலை அழுத்தினேன். கார் பறந்தது. திரும்பினால், சிவப்பு. கால் பிரேக்கை நோக்கிப் பாய்ந்தது. ஐயோ, மெதுவாய், மெதுவாய் என்று என் காலுக்கு வாய்விட்டுச் சொன்னேன், குழந்தைக்குச் சொல்வது போல. மெல்ல அழுத்தினேன். கையை வெளியே உயர்த்தினேன். கார் நிற்கவில்லை. சிவப்புக் கொடி கிட்ட வந்தது, ஜன்னலோரம் வந்தது, பிறகு கண்ணாடியில் தெரிந்தது. சத்தம் போட்டு அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் மரத்தடிக்கு வந்து சேர்ந்தேன்.

அந்தப் பழைய பாடத்தோடு எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, அது இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். ஆனால் வண்ணாத்திப்பூச்சி பிடித்துத் திரிய வேண்டிய வயதில் நிற்கப் பழகிய என் கால், சிவப்பைத் தாண்டியும் நிலம் இருக்கிறது என்பதை அன்றுதான் நம்பியது.