சூடம் காட்டாமல் போன வண்டி

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் அவருடைய மொபெட்டை விற்றுவிட வேண்டும் என்பதுதான் காரணம். நானும் தம்பியும் போனில் பேசி முடிவு செய்தது. வாங்குகிறவர் முத்தியால்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருப்பவர். தம்பிதான் பேசி முடித்திருந்தான்.

போன மாதம் தேங்காய்த்திட்டுக்கு மீன் வாங்கப் போன அப்பா, ஐஸ் ஏற்றிவந்த வண்டியில் மோதி விழுந்தார். அது வந்ததையே பார்க்கவில்லை என்றார். ஓரப்பார்வை போய்விட்டது, இனி ஓட்டக் கூடாது என்று கண் மருத்துவர் சொன்னார். அப்பா தலையாட்டிவிட்டு மறுநாள் காலையே வண்டியை எடுத்தார். சாவியை ஒளித்து வைத்தோம். அவரிடம் இன்னொரு சாவி இருந்தது.

விற்றது தவறு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. விற்ற விதம்தான்.

அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு தயாராக இருந்தார். "ஞாயித்துக்கெழமயும் உனக்கு ஆபீஸ் இருக்குமே?" என்றார்.

"இன்னிக்கு லீவுப்பா."

"எனக்காவவா?"

கார் கதவைத் திறந்துவிட்டேன்.

அருங்காட்சியகம் என்பது வெள்ளையடித்த பழைய கிடங்கு. ஊரின் பொதுப் போக்குவரத்து வரலாறு என்று வாசலில் எழுதியிருந்தது. முதலில் புஷ்புஷ். மூன்று சக்கரம், மெத்தை வைத்த நாற்காலி, உட்காருகிறவர் பிடித்துத் திருப்ப ஒரு கம்பி, பின்னாலிருந்து ஆள் தள்ளக் கைப்பிடி. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் போனது. அப்பா அதைச் சுற்றி வந்தார்.

"தள்றது ஒருத்தன், திருப்பறது ஒருத்தன்," என்றார். "தள்றவனுக்கு எங்க போறோம்னே தெரியாது போல."

அங்கிருந்த வழிகாட்டிப் பெண் சிரித்தாள். நான் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தேன்.

அடுத்தது டெம்போ. பெரிய மூக்கும் மூன்று சக்கரமும் உள்ள ஷேர் வண்டி. அப்பா பல வருடங்கள் ஓட்டியது இந்த வகைதான். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அவர் வண்டியின் முன் கண்ணாடிக்குக் கீழே தடவிப் பார்த்தார்.

"பொட்டு வச்ச தடமே இல்லியே. கடைசியா ஓட்டுன டிரைவர் வந்து சூடம் காட்டிட்டுத்தானம்மா குடுத்தாரு?"

"தெரியலீங்கய்யா. யாரோ நன்கொடையா குடுத்தாங்க."

"வாங்கறப்ப யார் வேணா பூச போடலாம். குடுக்கறப்ப ஓட்டுனவன் கையாலதான் சூடம் காட்டணும், சக்கரத்துல எலுமிச்சம்பழம் வக்கணும். இல்லன்னா வண்டி அவனத் தேடும்."

"நெஜமாவாங்கய்யா?"

"வண்டி தேடுதோ இல்லியோ, டிரைவர் தேடுவான்."

நான் வெளியே வந்து தம்பிக்குப் போன் போட்டேன்.

"இப்பத்தாண்ணா எடுத்துக்கினு போறாரு. தெரு முனை திரும்பிட்டாரு."

"திரும்பக் கூப்புடு."

"எதுக்கு?"

"அப்பா சூடம் காட்டணுமாம்."

"விக்கறதே அவருக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்னது நீதானண்ணா?"

உள்ளே போனபோது அப்பா டெம்போவின் டிரைவர் இருக்கையில் இருந்தார். அந்தப் பெண் தடுப்புக் கயிற்றை அவிழ்த்து விட்டிருந்தாள். "ஒரு போட்டா எடு, உன் தம்பிக்குக் காட்டலாம்," என்றார். எடுத்தேன். அதில் அவர் சிரிக்கிறார். மொபெட்டை முத்தியால்பேட்டை மளிகைக் கடைக்காரருக்கு விற்றுவிட்டதை அதற்குப் பிறகுதான் சொன்னேன், முன்பே சொல்லியிருக்கலாம்.

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எப்ப?"

"இப்பத்தாம்ப்பா."

"அதுக்குத்தான் என்ன இங்க இட்டாந்தியா?"

"ஆமாம்ப்பா."

காலால் தரையைத் துழாவி இறங்கினார். பெண் கை கொடுத்தாள். "நல்லா வச்சிருக்கீங்கம்மா," என்று அவளிடம் சொல்லிவிட்டு நடந்தார். வெளியே நான் கார் கதவைத் திறந்தேன். அவர் அதைத் தாண்டிப் போனார்.

"நீ போ. நான் பஸ்ல வரேன்."

நிறுத்தத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் வருகிற பஸ் எது என்று கேட்டு ஏறிக்கொண்டார். நான் காரில் பின்னால் போனேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நானும் நின்றேன். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். எங்கள் நிறுத்தம் வந்தது. அவர் இறங்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். பஸ்ஸின் பின் கண்ணாடியில் அவர் தலை நேராகத்தான் இருந்தது.

முத்தியால்பேட்டை மார்க்கெட்டில் இறங்கினார். ஒரு பூசைச் சாமான் கடைக்குள் போய்க் காகிதப் பொட்டலத்தோடும் எலுமிச்சம்பழத்தோடும் வெளியே வந்தார். நான் காரை ஓரமாக விட்டு எதிரே போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தெருவில் இரண்டு பக்கமும் மளிகைக் கடைகள் இருந்தன.

"இதுல எந்தக் கட?"

வாங்கியவர் பெயரையோ கடையையோ தம்பியிடம் நான் கேட்டிருக்கவில்லை. தெரியாது என்று அவரிடம் ஒப்புக்கொண்டு, தம்பியின் எண்ணை அழுத்தினேன். வண்டிகளுக்கு வழிவிட்டு, பொட்டலத்தைப் பிடித்தபடி அப்பா வெயிலில் காத்திருந்தார்.