எல்லைக்கு அந்தப் பக்கத்தை அவள் பார்த்துக்கொண்டாள்

ஆறு வருடம் பறந்தவளை ஒரே காலையில் கடைசி ஆளாக்கிவிட்டார்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன். அம்மனை நம்புகிறவர்கள் முன்னால் மறைக்க என்ன இருக்கிறது?

நான் ஒலக்கூரை அடுத்த ஒரு கிராமத்துப் பெண். அப்பா நெல்லும் மல்லாட்டையும் போடுகிறவர். வேர்க்கடலையைத்தான் நாங்கள் மல்லாட்டை என்போம். நான் விமானம் ஓட்டுகிறேன். இதை நம்பாதவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். திண்டிவனம் பஸ்ஸில் ஓர் அம்மாள், உள்ளே டீ காபி கொடுக்கிற வேலைதானே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஓட்டுகிற வேலைதான் என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் பட்டதும் உண்டு, பிழைத்ததும் உண்டு.

பெரிய விமானக் கம்பெனி ஒன்றில் துணை விமானியாக இருந்தேன். சென்னையிலிருந்து தூத்துக்குடி, சேலம் மாதிரி ஊர்களுக்குப் போகும் சின்ன விமானம். இறக்கையில் காற்றாடி சுற்றுமே, அது. எங்கள் தொழிலில் வரிசைதான் எல்லாம். யார் முன்னால் சேர்ந்தாரோ அவருக்குத்தான் முதலில் கேப்டன் இருக்கை. எனக்கு முன்னால் நாலைந்து பேர்தான் பாக்கி. அப்போது பார்த்து, சின்ன ஊர்களுக்குப் பறக்கிற வேலையை மொத்தமாக இன்னொரு சின்ன கம்பெனிக்கு ஒப்பந்தம் விட்டுவிட்டார்கள். விமானம் அதே. மேலே எழுதியிருக்கும் பெயர் அதே. டிக்கெட்டும் அதே பெயரில்தான். ஓட்டுகிறவர்கள் மட்டும் இனி சின்ன கம்பெனி ஆட்கள். விருப்பமிருந்தால் அங்கே சேரலாம், ஆனால் புதிதாகச் சேர்ந்ததாகத்தான் கணக்கு என்று சொல்லிவிட்டார்கள். அத்தனை வருடமும் போச்சு.

அப்பாவுக்கு இதைப் புரிய வைக்க வேண்டுமே என்று பயந்துகொண்டிருந்தேன். அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"குத்தகைக்கு உட்டுட்டான்னு சொல்லு" என்றார். "பேரு அவன்து, பாடு உன்து."

சேராமலும் இருக்க முடியாது. பறக்காமல் வீட்டில் உட்கார்ந்தால் உரிமமே செல்லாமல் போய்விடும். சேர்ந்தேன். எங்கள் ஊர் எல்லையம்மன் முன்னால் போய் நின்று சண்டையே போட்டேன். என் வரிசையை எனக்குத் திருப்பிக் கொடு என்று கேட்டேன்.

அங்கே போன பிறகுதான் உண்மையான கஷ்டம். சின்ன கம்பெனிக்கு, விமானம் பறந்தால்தான் காசு. ரத்தானால் பெரிய கம்பெனி அந்தக் காசைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ரத்தாகவே கூடாது. ஆனால் கூடுதலாக விமானிகளை வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் ஓய்வு நாளில் இருக்கிற இன்னொருவருக்கு போன் வரும். ஒரே நாளில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, சாயங்காலம் எந்த ஊரில் இருக்கிறேன் என்றே மறந்துபோகும். நானும் கூப்பிட்டபோதெல்லாம் போனேன். வரிசையில் கடைசியில் இருப்பவள் முடியாது என்று எப்படிச் சொல்வது?

ஒரு நாள் சென்னையில் இறங்கிக்கொண்டிருந்தோம். கட்டுப்பாட்டு கோபுரத்திலிருந்து இவ்வளவு உயரத்துக்கு இறங்கு என்றார்கள். நான் அதைச் சரியாகத் திருப்பிச் சொன்னேன். சொல்லிவிட்டு, கருவியில் வேறொரு உயரத்துக்கான எண்ணை வைத்தேன். பக்கத்தில் கேப்டன் அன்வர் இருந்தார். கோட்டக்குப்பத்துக்காரர், என்னைப் போலவே பெரிய கம்பெனியிலிருந்து தள்ளப்பட்டு வந்தவர். சட்டென்று கை நீட்டி அதை மாற்றினார். தரையிறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தூங்கினியாம்மா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

பின்னால் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தைகூட இருந்தது. அன்று விமானத்தை விட்டு இறங்கியதும் படிக்கட்டுப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். வரிசையும் வேண்டாம், கேப்டன் இருக்கையும் வேண்டாம், என் கையால் ஒரு உயிர் போகக்கூடாது தாயே என்று அங்கேயே வேண்டிக்கொண்டேன். ஆடித் திருவிழாவில் காப்புக் கட்டித் தீ மிதிக்கிறேன் என்று சொன்னேன்.

எங்கள் ஊரில் பெண்களும் மிதிப்பார்கள். மஞ்சள் துணியில் காப்புக் கட்டினால், தீமிதி முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. திண்டிவனத்துக்குப் போய் மருந்து வாங்கி வருவதுகூட இல்லை. முன்கூட்டியே விடுப்புக் கேட்டேன், கொடுத்தார்கள். ஊருக்கு வந்தேன், காப்புக் கட்டினேன். பல மாதங்களுக்குப் பிறகு வயிறாரக் கூழ் குடித்தேன், கண் நிறையத் தூங்கினேன்.

இரண்டு நாள் பொறுத்தார்கள். மூன்றாம் நாள் போன் வந்தது. யார் எந்த விமானத்தில் போக வேண்டும் என்று முடிவு செய்கிற அதிகாரிதான். ஒருவருக்கு உடம்பு சரியில்லை, உங்கள் விடுப்பை ரத்து செய்துவிட்டோம், சாயங்காலத்துக்குள் சென்னை வந்துவிடுங்கள் என்றார். காப்புக் கட்டியிருக்கிறேன் சார், தாண்ட முடியாது என்றேன்.

"அது மெடிக்கல் கண்டிஷனா மேடம்?" என்று கேட்டார்.

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. விளக்கிச் சொன்னேன். வராவிட்டால் வேலையை மறந்துவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்பா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஊரில் அவரைவிடச் சாமிக்குப் பயந்தவர் கிடையாது. அவர்தான் முதலில் இறங்கி வந்தார். "அவுத்துடு கண்ணு. ஆத்தா ஒன்னும் கோச்சிக்க மாட்டா. வேல போச்சுன்னா திரும்பி வராது" என்றார். என்னைப் படிக்க வைக்க அவர் பட்ட பாடெல்லாம் அந்தக் குரலில் இருந்தது.

நான் கோயிலுக்குப் போனேன். அம்மன் முன்னால் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு இதை அவிழ்த்துவிட்டுப் போனால், அடுத்த முறையும் கூப்பிடுவார்கள், அடுத்த முறையும் போவேன். ஒரு நாள் தப்பான எண்ணை வைப்பேன், அன்றைக்குப் பக்கத்தில் கேப்டன் அன்வர் இருக்க மாட்டார். அது தெளிவாகத் தெரிந்தது. மனசுக்குள் சொல்லவில்லை, வாய்விட்டே சொன்னேன்.

"நான் தாண்ட மாட்டேன். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கறத நான் பாத்துக்கறேன். அந்தப் பக்கம் இருக்கறத நீ பாத்துக்க."

சொன்னதும் பயம் போய்விட்டது. வேலை போனால் போகட்டும் என்று எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வருவதற்குள் கேப்டன் அன்வர் கூப்பிட்டுவிட்டார்.

"நீ வரலன்னதும் என்னியும் கூப்ட்டானுங்கம்மா. நேத்திக்கிதான் டூட்டி முடிச்சேன், ரெஸ்ட்ல கீறேன், வரமாட்டேன்னு சொல்லிட்டேன். ஒரே பேஜாரா போச்சு அவனுங்களுக்கு. நீ அங்கயே இரு. அல்லா பாத்துக்குவான்."

நான் கோயிலில் சொல்லிவிட்டு வந்த அதே சொல். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அவருக்குப் பிறகு கூப்பிட்ட இன்னொருவரும் முடியாது என்றாராம். அதற்குப் பிறகு ஒரு சின்னப் பையன், வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது, அவனும் தூக்கம் போதவில்லை சார் என்றானாம். யாரும் யாரோடும் கூடிப் பேசவில்லை. போராட்டம் இல்லை, கோஷம் இல்லை. ஒருத்தி முடியாது என்று சொன்னது தெரிந்ததும் மற்றவர்களுக்கும் வாய் வந்துவிட்டது. மறுநாள் காலையில் விமானம் ரத்தானது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. பயணிகளை வேறு விமானங்களில் ஏற்றி அனுப்பினார்கள்.

பெரிய கம்பெனிக்காரர்கள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக, உங்களிடம் மொத்தம் எத்தனை விமானிகள்தான் இருக்கிறார்கள் என்று கேட்டார்களாம்.

நான் தீ மிதித்தேன். கால் சுட்டதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சுடாமல் என்ன? ஆனால் ஒரு கொப்புளம் இல்லை. விமானத்தில் பெடல் மிதிக்கிற கால் ஆச்சே என்று அப்பாதான் மூன்று நாள் என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னைக்குத் திரும்பியபோது வேலையை விட்டு அனுப்பும் கடிதம் இருக்கும் என்றுதான் போனேன். அதற்குப் பதிலாக, முடியாது என்று சொன்ன எங்களை உட்கார வைத்துப் பேசினார்கள். இரண்டு கம்பெனிக்காரர்களும் இருந்தார்கள். கேப்டன் அன்வர் பேசினார், நானும் பேசினேன். அந்தத் தப்பான எண்ணைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். அதற்குப் பிறகு கூடுதல் விமானிகளை எடுத்தார்கள். ஓய்வு நாளில் போன் வருவது நின்றது. பழைய கம்பெனியில் நாங்கள் பறந்த வருடங்களையும் சேர்த்துக் கணக்கிட ஒப்புக்கொண்டார்கள்.

பெரிய கம்பெனிக்குத் திரும்பிப் போக முடிந்ததா என்றால், இல்லை. அதைத்தான் முதலில் கேட்டேன், அதை அவள் கொடுக்கவில்லை. இன்றைக்கு நான் அதே சின்ன கம்பெனியில் கேப்டன். இடது பக்க இருக்கையில் உட்கார்ந்து தெற்கே போகும்போது, மேகம் இல்லாவிட்டால் திண்டிவனமும் எங்கள் பக்கத்து ஏரிகளும் தெரியும். கும்பிட்டுக்கொள்வேன். இப்போதெல்லாம் யாராவது முடியாது என்றால் நான் ஏன் என்று கேட்பதில்லை, தூங்கு என்று சொல்கிறேன்.

போன வாரம் அந்த அதிகாரி கூப்பிட்டார். மறுபடியுமா என்று ஒரு கணம் திக்கென்றது.

"மேடம், இந்த வருஷம் காப்பு என்னிக்கு? அதுக்கேத்த மாதிரி ஆளுங்களப் போடணும்" என்றார். சொன்னேன். குறித்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, அவர் வீட்டில் ஒரு கஷ்டம், தானும் வந்து கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"வாங்க சார். கட்டினீங்கன்னா ஆபீஸே கூப்ட்டாலும் தாண்ட முடியாது. யோசிச்சிக்கினு வாங்க" என்றேன்.

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். வாருங்கள்.