பால்கார அக்காவின் கொசுறு

அளவுக் குவளை தலைதட்ட மொண்டு என் பாத்திரத்தில் ஊற்றியபின், பால்கார அக்காவின் கை சும்மா திரும்பாது. இன்னொரு வாய் சரித்துவிட்டுத்தான் திரும்பும்.

"பூனைக்கு வெச்சுக்கோ."

"பூனை இல்லையேக்கா."

"அப்ப வாங்கு."

இந்தத் தாராளம்தான் அவரைப் பள்ளி இறுதி அறிவியலில் இரண்டு முறை கவிழ்த்தது. எழுத்துத் தேர்வில் அக்கா புலி. பொங்கும் பாலில் ஒரு கண், பாடப்புத்தகத்தில் ஒரு கண் என்று படித்தவர். செய்முறையில்தான் சறுக்கல். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையிலுள்ள அமிலம் இளஞ்சிவப்பானதும் நிறுத்த வேண்டும். அக்கா நிறுத்துவார். பிறகு, பழக்கதோஷம், கொசுறு! குடுவை உதட்டுச்சாயம் பூசிக்கொள்ளும். எத்தனை முறை செய்தாலும் அத்தனை முறையும் கொசுறு உண்டு.

எழுத்து, செய்முறை இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும் என்பது விதி. "அதுல வழியுது தம்பி, இதுல காயுது. அங்கேருந்து ஒரு குவளை மொண்டு இங்க ஊத்தினா என்னவாம்?" நியாயமான கேள்வி. ஆனால் விதி எழுதியவர்கள் வேறு கடையில் பால் வாங்குகிறார்கள்.

தேறினால் பால் பண்ணைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. வயது வரம்பின்படி இதுதான் கடைசி வாய்ப்பு. ஆகவே தேர்வுக்கு முன்பே அக்கா பத்தியம் தொடங்கினார். குவளை காலியானதும் இடது கை பாய்ந்து வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். தெரு கொந்தளித்தது.

"என்னக்கா, கை சுருங்கிப்போச்சு?"

"செய்முறை நடக்குது. வாயை மூடிக்கிட்டு வாங்கு."

"நான் புடிக்க வேண்டிய கையை அவளே புடிச்சுக்கறா" என்று கல்லாவிலிருந்து கணவர் புலம்பினார். சிலர் எதிர்க்கடைக்கு மாறினார்கள். நானும் மாறினேன் என்பது வதந்தி.

தேர்வு முடிந்தும் பத்தியம் முடியவில்லை. "செய்முறையைத் திரும்பச் செய்யச் சொன்னா?" என்றார் அக்கா.

நேற்று முடிவு வந்தது. கணவர் போனை மூக்கருகே பிடித்தபடி கத்தினார்: "தேறிட்ட!"

"எதுல?"

"ரெண்டுலயும்!"

"தனித்தனியாவா?"

"தனித்தனியாத்தான்டி!"

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து நெடுமூச்சு விட்டார். பிறகு எழுந்து, என் பாத்திரத்தை இழுத்து, அளந்து ஊற்றினார். இடது கை வழக்கம்போல் வலது மணிக்கட்டுக்குப் பாய்ந்தது. அதை உதறிவிட்டு, குவளையை மறுபடி முழுதாக மொண்டு சரித்தார். பால் விளிம்பு தாண்டி என் செருப்பில் வழிந்தும் கையை எடுக்கவில்லை.